ஒருசாலை மாணாக்கர்: விடுதி உறவின் வரலாறு

தமிழில் ‘ஒருசாலை மாணாக்கர்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. ஓராசிரியரிடத்து உடன்பயின்றோரைக் குறிப்பது அது. ஒரு நூலுக்குப் பாயிரம் செய்தற்கு உரியோர் யாவர் என வரையறுக்கப் புகுந்த நன்னூலார், நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோரைச் சுட்டுகிறார். தன்னைத் தானே புகழ்தல் தகாது, உடன்கற்றவன் புகழலாம். நிறையோடு குறையும் அறிந்தவன் அவன் என்பதே இதற்குக் காரணம் எனலாம். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரை, தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே உரைமரபு போற்றி வருகிறது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் இச்சொல்லை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். கவிதை எழுதுவோரும் கேட்போருமாகக் கூடியிருக்கும் நம்மிற் பலர், முதன்முதலில் கவிதை படித்துக் காட்டிய அவை எது? பெரும்பாலும் ஒரு மாணவர் விடுதியின் அறையாகவே இருக்கும். அந்த விடுதி உறவு தமிழகத்தில் எவ்வாறு உருவாயிற்று, யாரை உள்ளே அழைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடமும் பந்தியும்

கல்லூரி விடுதிகள் தோன்றுமுன்னரே மாணாக்கர் ஒருங்கு தங்கிப் பயிலும் வழக்கம் இங்கு இருந்தது. சைவ மடங்கள் அதற்கு இடமளித்தன. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணாக்கர் கூட்டம் இதற்குச் சிறந்த சான்று. அக்கூட்டத்தின் உறவு ஆசிரியரின் மறைவோடு முடியவில்லை. பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். அவர் ஓய்வு பெறுங்கால், தம் இடத்திற்குத் தம் ஒருசாலை மாணாக்கரான இளைஞர் உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். அவ்வாறே 1880இல் ஐயர் அப்பணியில் அமர்ந்தார். கும்பகோணத்தில்தான் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியின் பக்கம் திரும்பினார். 1887இல் அதனைப் பதிப்பித்தார். ஒரு மூத்த மாணாக்கர் ஓர் இளைய மாணாக்கருக்குச் செய்த உதவி, ஏட்டுச் சுவடிகளில் உறங்கிய இலக்கியங்கள் அச்சேறுவதற்கு வழி திறந்தது. உடன்பயின்றோர் உறவால் தமிழ் பெற்ற பேறு இது.

ஆயினும் அம்மடத்தில் பாடம் ஒன்றாக இருந்ததேயன்றிப் பந்தி ஒன்றாக இருக்கவில்லை. சாதி வேறுபாட்டிற்கேற்ப உணவிடமும் வேறுபட்டது. அக்கால வழக்கம் அது என்று கூறிக் கடந்துவிடலாம். ஆனால், உடனுறையும் மாணவர் வரலாற்றில் பந்திதான் முதல் கேள்வியாக எழுந்தது என்பதை மறத்தலாகாது.

அக்கேள்வி நாடறிய வெடித்த இடம் சேரன்மாதேவி. 1922இல் வ.வே.சு. ஐயர் அங்கு ஒரு குருகுலம் நிறுவினார். நாட்டுப்பற்றும் தமிழ்ப்பற்றும் மிக்க இளைஞரை உருவாக்குவது அதன் குறிக்கோள். குறிக்கோள் பெரிது, எனினும் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்னும் செய்தி 1924இல் வெளிவந்து பெரும் பூசலாயிற்று. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் அதனை எதிர்த்தனர். 1925ஆம் ஆண்டிலேயே ஐயர் பாபநாசத்து அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர் துறந்தார். அதே ஆண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழகத்து அரசியலைத் திசைதிருப்பிய காரணங்களுள் ஒரு மாணவர் விடுதியின் சாப்பாட்டு இலையும் ஒன்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிதம்பரத்தில் இரு கல்விச்சாலைகள்

கம்மாபுரம் வட்டாரத்தில் பிறந்தோர்க்குச் சிதம்பரம் அயலூர் அன்று. சேத்தியாத்தோப்பும் புவனகிரியும் கடந்தால் வந்துவிடும் ஊர். இவ்வூரில் இருவேறு கல்விக் கனவுகள் சில ஆண்டு இடைவெளியில் பிறந்தன.

முதலாவது, சுவாமி சகசானந்தர் 1916இல் தோற்றுவித்த நந்தனார் கல்விக் கழகம். கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கோபுரம் தெரியும் தூரத்திலேயே பள்ளியும் தங்குமிடமும் அமைத்தார் அவர். தமிழும் வடமொழியும் கற்ற துறவி, பின்னர்ச் சட்டமன்றத்திலும் தம் மக்களுக்காகப் பேசியவர், 1959இல் மறைந்தார். பிற விடுதிகளின் கதவுகள் மூடியிருந்த காலத்தில் தமக்கென ஒரு கதவைச் செய்துகொண்டோரின் வரலாறு அது.

இரண்டாவது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அண்ணாமலை செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929இல் பல்கலைக்கழகமாயிற்று. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்க் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துத் தேர்வு நடத்தியது. அண்ணாமலையோ ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே உறைந்து பயிலும் அமைப்பாகத் திட்டமிடப்பெற்றது. ஆகவே அங்கு விடுதி என்பது கல்விக்குப் புறம்பான வசதியன்று. கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவரைத் தொடர்ந்து நாவலர் சோமசுந்தர பாரதியார் 1938 வரை அப்பொறுப்பை வகித்தார். மட்டக்களப்பிலிருந்து ஆசிரியர் வந்தது போலவே ஈழத்திலிருந்து மாணவரும் வந்தனர். தனிநாயகம் அடிகள் 1940களில் இங்குத் தமிழ் பயின்றவர். அவரே 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். தஞ்சை மாவட்டத்து மாணவனும் தென்னார்க்காட்டு மாணவனும் யாழ்ப்பாணத்து மாணவனும் அடுத்தடுத்த அறைகளில் வாழுங்கால், தமிழின் எல்லை அவர்களுக்குப் பாடநூலைக் காட்டிலும் பேச்சொலியால் விரிந்திருக்கும்.

அரசியலும் அவ்வறைகளுக்குள் புகுந்தது. இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அங்குப் பயின்றோரே. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். இப்பெயர் மாற்றங்கள் ஒரு தலைமுறை மாணவரின் மனநிலைக்குச் சான்று. தந்தை இட்ட பெயரை மாற்றும் துணிவு வீட்டில் எளிதில் வாராது. அப்புதுப்பெயரைச் சொல்லி அழைக்க ஒரு தோழமை வேண்டும்.

அத்தோழமைக்கு 1965இல் குருதி விலை கேட்கப்பட்டது. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாநிலமெங்கும் மாணவர் எழுந்தபோது, சனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்மீது காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். மொழிப்போர் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது. இரண்டாண்டுகளில் ஆட்சி மாறியது. மேடைகளில் இவ்வரலாறு நூறுமுறை கூறப்பட்டுவிட்டது. ஆனால் அன்று மாலை அவருடைய அறைக்குத் திரும்பிய தோழர் என்ன கண்டனர், அவர் புத்தகங்களை யார் கட்டி வைத்தனர் என்பன போன்ற செய்திகளை அவரோடு உறைந்தோரே கூற இயலும். அந்தத் தலைமுறை எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறது.

மகளிர் மாளிகைகள்

பெண்களின் விடுதி வரலாறு வேறொரு துயரத்திலிருந்து தொடங்குகிறது. இளமையிலேயே கைம்மை எய்திய சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டிவைத்துக் கல்வியளித்தார். சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் அவுஸ்’ என வழங்கிய கட்டடம் அவர்களின் இல்லமாயிற்று. தலைமுடி களையப்பெற்று வீட்டின் பின்கட்டில் வாழ விதிக்கப்பட்ட சிறுமியர், அங்கிருந்து ஆசிரியராக வெளிவந்தனர். அவ்வில்லமும் பிராமணக் கைம்பெண்டிருக்கு மட்டுமே என்ற வரம்பிற்குட்பட்டே இயங்கிற்று. விடுதலை அளித்த கதவும் ஒரு சாராருக்கே திறந்தது.

அதே கடற்கரையில் 1914இல் மகளிர்க்கென அரசினர் கல்லூரி தொடங்கப்பெற்றது. பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. டோரதி டி லா ஹே அதன் முதல் முதல்வர். வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்க விடுதி இல்லையேல் அக்கல்லூரி சென்னை நகரத்துப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக நின்றிருக்கும். மகளை நகரத்திற்கு அனுப்பத் தயங்கிய தந்தையர்க்கு, விடுதியின் கட்டுப்பாடுகளே உறுதிமொழியாயின. அக்கட்டுப்பாடுகளுக்குள்ளேயே அப்பெண்கள் தமக்கென ஓர் உலகைப் படைத்துக்கொண்டனர்.

அவ்வுலகின் வலிமை 2003இல் வெளிப்பட்டது. கல்லூரிக் கட்டடங்களை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் எழுப்ப அன்றைய அரசு திட்டமிட்டது. மாணவியர் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினர். அவர்களோடு முன்னாள் மாணவியரும் சேர்ந்து நின்றனர். திட்டம் கைவிடப்பட்டது. நினைவு என்பது ஓய்வுக்காலத்துப் பொழுதுபோக்கன்று, தேவைப்படுங்கால் அது ஒரு கட்டடத்தைக் காக்கும் கரமாகும் என்பதை அப்பெண்கள் காட்டினர்.

கடல்கடந்த ஒப்புமை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் உண்டு. ஆடவர் சங்கத்தைப் ‘பிராட்டர்னிட்டி’ என்றும் பெண்டிர் சங்கத்தைச் ‘சொரோரிட்டி’ என்றும் வழங்குவர். 1776இல் தோன்றிய ‘பை பீட்டா கப்பா’ இவற்றுக்கு முன்னோடி. பின்வந்த சங்கங்கள் பலவும் வெள்ளையர்க்கே உரியனவாக இருந்தன. அதனால் கறுப்பின மாணவர் 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ‘ஆல்பா பை ஆல்பா’ சங்கத்தையும், கறுப்பின மாணவியர் 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஆல்பா கப்பா ஆல்பா’ சங்கத்தையும் நிறுவினர். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் தாய்வழி வேர் கொண்ட கமலா ஹாரிஸ், பின்னாளில் ஹோவர்டில் பயின்று இச்சங்கத்தில் சேர்ந்தவர்; 2021 முதல் 2025 வரை அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர்.

நாடு வேறு, செய்தி ஒன்று. ஒதுக்கப்பட்டோர் தமக்கென ஒரு கூட்டுறவை அமைத்துக்கொள்ளும் இயல்பைச் சிதம்பரத்திலும் காண்கிறோம், ஹோவர்டிலும் காண்கிறோம்.

நெஞ்சைச் சுடும் நினைவு

விடுதி உறவின் மற்றொரு முகத்தையும் இங்குக் கூறியாக வேண்டும். புதிதாக வந்த மாணவரை மூத்தோர் எள்ளி விளையாடுவது முதலில் தயக்கம் போக்கும் வழக்கமாகவே கருதப்பட்டது. முன்னாள் மாணவர் கூடல்களில் இன்றும் அது நகைச்சுவையாகவே கூறப்படும். சட்டையைத் திருப்பி அணிந்தது, மூத்தவரின் துணியைத் துவைத்தது, நள்ளிரவில் பாடச் சொன்னது என ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பர். சிரிப்பவர் பெரும்பாலும் அதனைத் தாங்கிக் கடந்தவர். தாங்க இயலாமல் படிப்பை விட்டு ஊர் திரும்பியவர் அக்கூடல்களுக்கு வருவதில்லை. ஆகவே அவர் கதை அங்குச் சொல்லப்படுவதுமில்லை.

1996 நவம்பரில் அண்ணாமலை நகரில், இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தருடைய மகன் அவர். அவ்வாண்டின் இறுதியிலேயே கேலிவதையைத் தடுக்க அவசரச் சட்டம் பிறந்தது. 1997இல் அது முழுச் சட்டமாயிற்று. குற்றவாளிக்கு 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. கேலிவதைக்கு எதிராகப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுமைக்கும் விதிமுறைகள் வகுத்தது.

இராசேந்திரனை நாம் பெருமையோடு நினைக்கிறோம். நாவரசை நினைக்கத் தயங்குகிறோம். இருவரும் ஒரே வளாகத்து மாணவர். இருவரும் இளமையிலேயே மாய்ந்தவர். ஒருவரை அரசின் துப்பாக்கி வீழ்த்தியது. மற்றவரை மூத்த மாணவர் ஒருவரே வீழ்த்தினார். விடுதி உறவின் வரலாற்றை எழுதுவோன் முதற்பெயரை எழுதி இரண்டாம் பெயரை விடுவானாயின் அவன் எழுதியது வரலாறாகாது.

நிறைவாக

வள்ளுவர் நட்பை ஐந்து அதிகாரங்களில் வைத்துப் பேசினார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்பது அவற்றின் வரிசை. பழைமையின் உரிமையைப் பாராட்டிய கையோடு தீய நட்பையும் எச்சரித்தார். நம் முன்னாள் மாணவர் கூடல்கள் பழைமை அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றன.

1957இல் நெய்வேலியில் சுரங்கப்பணி தொடங்கிய பின்னர், நிலம் இழந்த உழவரின் பிள்ளைகளும் பல மாநிலங்களிலிருந்து வந்த பணியாளரின் பிள்ளைகளும் இவ்வட்டாரத்தில் அருகருகே வளர்ந்தனர். அவர்களிற் பலர் சிதம்பரத்திற்கும் சென்னைக்கும் சென்று விடுதிகளில் தங்கிப் படித்தனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோரும் அவருள் உண்டு. அவர்களின் நினைவுகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் அரசின் பொறுப்பிற்கு வந்தது. நிருவாகக் கோப்புகள் கைமாறும். அறைத்தோழரின் நினைவை அவ்வாறு கைமாற்ற இயலாது, எழுதினால்தான் உண்டு.

ஆதலின் வட்டத்து அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தாம் உறைந்த விடுதியைப் பற்றிச் சில பக்கங்களேனும் எழுதுக. யாரோடு உண்டோம் என்பதை எழுதுக. யார் தனியே உண்டார் என்பதையும் எழுதுக. கையெழுத்து இதழ் நடத்தியதை எழுதுக; கட்டணம் செலுத்த முடியாமல் பாதியில் போன தோழனின் பெயரையும் எழுதுக. உடன்கற்றவனுக்குப் பாயிரம் எழுதும் உரிமையைத் தமிழ் மரபு நமக்கு அளித்திருக்கிறது. அவ்வுரிமை, நூல் எழுதிப் புகழ்பெற்ற தோழனுக்கு மட்டுமன்றி, நூல் எதுவும் எழுதாமலே மறைந்த தோழனுக்கும் பயன்படட்டும்.