ஏரிக்கு வாரியம், ஆதுலர்சாலைக்கு?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரேரிகளுள் தென்னேரியும் ஒன்று. திரையன் ஏரி என்பதே நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்றும், தொண்டைமான் இளந்திரையனின் பெயரை அது தாங்கி நிற்கிறது என்றும் கூறுவர். இவ்வேரி யாருடையது என்று அப்பகுதி உழவர் ஒருவரைக் கேட்டால், அரசுத் துறையின் பெயரைச் சொல்வதற்கு முன் 'எங்க ஏரி' என்றுதான் சொல்வார். மதகில் பழுது கண்டால், கரை உடையும் நிலை தோன்றினால், கலங்கலை யாரேனும் அடைத்தால், அவர் வாளாவிருக்க மாட்டார். அலுவலர் முன் நின்று உரத்த குரலில் முறையிடுவார். அதே உழவர் தம் மனைவியின் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, 'அடுத்த வாரம் வாங்க' என்னும் விடையோடு திரும்ப நேர்ந்தால் ஒன்றும் கேட்பதில்லை. ஏன் கேட்கவில்லை என்று நாம் வினவினால், 'சும்மா குடுக்குற எடத்துல நாம என்னத்தக் கேக்குறது சாமி?' என்கிறார்.

ஏரியின்மேல் உள்ள உரிமை உணர்வு மருத்துவ நிலையத்தின்மேல் ஏன் இல்லை? இரண்டும் பொதுச் சொத்து. இரண்டும் மக்கள் செலுத்தும் வரியால் நடப்பவை. இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென்னேரியிலிருந்து தெற்கே வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் சென்று, பாலாற்றைக் கடந்தால் போதும்.

ஆற்றின் மறுகரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் அமைந்திருப்பது திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 1068. தமிழகத்தின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. கோயிலோடு இணைந்து ஒரு வேதக் கல்லூரியும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயரில் ஓர் ஆதுலர்சாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலர்சாலை என்பது அக்காலத்து மருத்துவமனை.

இக்கல்வெட்டில் அரசனின் புகழைக் காட்டிலும் நம் உள்ளத்தைக் கவர்வது அதன் கணக்குதான். நோயாளர்க்குப் படுக்கைகள் 15. ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவராக இருந்தவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர்க்கு 30 கலம். மூலிகை கொணர்ந்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்ச உதவும் இருவர்க்கு 60 கலம். நோயாளரைப் பேணி மருந்தூட்டும் பெண்கள் இருவர்க்கு 30 கலம். நாவிதர்க்கு 15, தண்ணீர் சுமப்பவர்க்கு 15. இரவில் விளக்கெரிக்க எண்ணெய். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபது பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன: தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று அப்பட்டியல் நீள்கிறது. மருந்து இருப்புப் பட்டியலைக் கல்லில் வெட்டிக் கோயிலில் வைத்த சமுதாயம் அது! இன்று மருந்து இருப்புப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியது ஒரு மாதமாயினும் மாறாதிருப்பதைப் பார்த்தவர்கள் அக்கல்லின் அருமையை உணர்வார்கள். (ஊதிய ஏற்றத்தாழ்வும் கல்லில் நிலைத்துவிட்டது. இரவு பகலாகப் பேணும் பெண்ணுக்கு மருத்துவர் பெறும் நெல்லில் ஆறில் ஒரு பங்கு. இது இன்றும் எங்கும் மாறிவிட்டதாகத் தோன்றவில்லை.)

எனினும் ஒன்றை மறைத்துப் பெருமை பேசலாகாது. வீரசோழன் ஆதுலர்சாலை ஊர் மக்கள் எல்லார்க்கும் உரியதன்று. கோயிற் பணியாளர்க்கும் கல்லூரியின் ஆசிரியர் மாணவர்க்கும் ஏற்பட்டது அது. மேலும், அது ஓர் அறக்கொடை. கொடுப்பவர் இருக்கிறார், கொடை இருக்கிறது, கொடையால் பிழைக்கும் பணியாளர் இருக்கின்றனர். நோயாளரோ அக்கணக்கில் ஒரு செலவினமாகவே வருகிறார். நாழி அரிசி உண்பவர் அவர். அரிசி நன்றாயிருந்ததா என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை.

திருமுக்கூடலுக்குத் தெற்கே உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு தெரிவானவர்கள் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது.

இந்த இரு ஊர்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நம் வினாவுக்கு விடை தென்படுகிறது. இப்பகுதியில் ஏரிக்கு வாரியம் இருந்தது. தோட்டத்துக்கும் பொன்னுக்கும்கூட வாரியம் இருந்தது. ஆதுலர்சாலைக்கு வாய்த்ததோ கொடை. ஏரி நீரைப் பயன்படுத்தியவர் அதன் ஆளுகையிலும் அமர்ந்தார். மருந்தைப் பயன்படுத்தியவர் கைகட்டி நின்றார். நீர் உரிமையாயிற்று, மருந்து தருமமாயிற்று. தருமத்தில் குறை காண்பது நன்றிகேடு என்று நாம் வழிவழியாக நம்பி வந்திருக்கிறோம்.

உத்திரமேரூர் வாரியத்தையும் நாம் அளவுக்கு மீறிப் போற்ற வேண்டியதில்லை. கால்வேலி இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவர்க்கே குடத்தில் இடம் இருந்தது. அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. பெண்களுக்கோ, அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கோ ஓலை இல்லை. குறையை அதிகம் அனுபவித்தவர்கள் அவர்களே அல்லரோ? பயன்படுத்துவோர் ஆள்வது என்று பேசும்போது, எந்தப் பயன்படுத்துவோர் என்று கேட்காமல் விட்டால் பழைய குடமே திரும்பி வரும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்த இரட்டை நிலை தொடர்ந்தது. ஏரி காக்கும் குடிமராமத்துக்கு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. கொடுமையான சட்டம்தான், ஆயினும் ஏரியின் நலம் ஊராரின் பொறுப்பு என்பதை அது ஏற்றுக்கொண்டது. மருந்தகங்களோ தலத்தாபனங்களின் கையில் இருந்தன. அவற்றில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்களும் செல்வர்களுமே. 1924இல் பனகல் அரசரின் அமைச்சரவைக் காலத்தில் சிற்றூர்களில் குடியிருந்து தொழில் புரியும் மருத்துவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆயினும் மேலிருந்து இறங்கிய திட்டம்.

1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையை நாம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் தாய் எனலாம். அது மருத்துவர் எத்தனை, படுக்கை எத்தனை என்று மட்டும் பேசவில்லை. ஊர்தோறும் ஒரு சுகாதாரக் குழு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1952க்குப் பின் கட்டடங்கள் எழுந்தன. குழுக்கள் ஏட்டிலேயே தங்கிவிட்டன.

அதன்பின் இக்கருத்து வேறு திசைகளிலிருந்து வந்தது. 1970இல் மகாராட்டிர மாநிலத்தின் ஜாம்கேடு பகுதியில் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்னும் மருத்துவத் தம்பதியர் பணி தொடங்கினர். ஊர் மக்கள் தாமே தேர்ந்தெடுத்த பெண்களை, அவர்களுள் எழுத்தறியாதோர் பலர், சுகாதாரப் பணியாளராக்கினர். ஏறத்தாழ அதே காலத்தில், 1972இல், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பகுதியில் பெரின்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் மருத்துவர் பீட்டர் பிரிட்சார்ட் தம்மிடம் வரும் நோயாளரைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். நிலையம் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். வேல்சின் அபெர்டேரிலும் பிரிஸ்டலிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. 1978இல் இவற்றுக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் எழுந்தது. பின்னாளில் இத்தகைய குழு வைத்திருப்பது இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களுக்கு ஒப்பந்தக் கடமையாயிற்று. அதே 1978இன் செப்டம்பரில் சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டாவில் கூடிய உலக மாநாடு, தம் உடல்நலப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குபெறுவது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று அறிவித்தது. ஏரி வாரியத்துக்குப் பழகிய நம் செவிக்கு அது அயல்மொழியாக ஒலித்திருக்கக் கூடாது.

நம் திருச்சபையின் மருத்துவப் பணியும் இந்த வினாவுக்கு வெளியே நிற்கவில்லை. மருத்துவராயிருந்து துறவியான ஆஸ்திரேலிய நாட்டு மேரி குளோரி 1943இல் குண்டூரில் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் இன்று நாடெங்கும் பரந்துள்ளது. கன்னியர் நடத்திய சிற்றூர் மருந்தகங்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. இதை மறுப்பார் இலர். ஆனால் அங்கும் நோயாளர் பெற்றுக்கொள்பவராகவே இருந்தார். அன்பு மிகுந்திருந்த இடத்தில் கேள்வி கேட்பது இன்னும் கடினமாயிற்று என்றுகூடச் சொல்லலாம். அல்மா-ஆட்டாவுக்குப் பின்னர்தான், மருத்துவமனைக்கு வெளியே மக்களோடு அமர்ந்து உடல்நலம் பேசுவது அச்சங்கத்தின் சிந்தனையில் வலுப்பெற்றது.

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, அறுபது ஆண்டுகளாக ஏட்டில் இருந்தது ஆணையாக வந்தது. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் நோயாளர் நலச் சங்கம், ஊர்தோறும் சுகாதாரக் குழு. நிதியும் வந்தது: ஊர்க் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய்; நிலையத்தின் சங்கத்துக்கு 1,00,000 ரூபாய்; அதற்கு மேல் 25,000 ரூபாய் கட்டற்ற நிதியும், பராமரிப்புக்கு 50,000 ரூபாயும். திருமுக்கூடல் கல்லைப் போலவே இங்கும் கணக்கு துல்லியமாக இருக்கிறது. ஆயினும் பல இடங்களில் நாம் காண்பது என்ன? தலைமையும் செயலர் பொறுப்பும் பதவியில் இருப்போரிடம். தீர்மான ஏட்டில் கையொப்பங்கள் இருக்கும். கையொப்பமிட்டவர்க்குத் தீர்மானம் தெரியாது. நோயாளர் பெயரில் சங்கம் இருக்கும், நோயாளர் இருக்க மாட்டார். பங்குப் பேரவை நடத்திப் பழகிய நமக்கு இந்த நோய் புதிதன்று. 'சாமி சொல்றபடியே செஞ்சிடலாம்' என்று எல்லாரும் எழுந்துவிடும் கூட்டத்தில் யார் பங்கேற்றார்கள்?

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2007 முதல் ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதாரப் பணியைக் கண்காணிக்கும் முயற்சி சோதனையாக நடந்தது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, தர்மபுரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் அது நடைபெற்றது. ஊரார் கூடி, செவிலியர் வந்தாரா, மருந்து கிடைத்ததா, கையூட்டுக் கேட்கப்பட்டதா என்பவற்றுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்டு அட்டை வரைந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சிவப்பு எது என்று அறிவார் அல்லவா? நம் காஞ்சிபுரம் அந்த ஐந்தில் இல்லை. முயற்சியும் சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

நோயாளர் சொல்வதைக் கேட்டால் என்ன கிடைக்கும்? பெரிய மருத்துவ நுணுக்கங்களை அவர்கள் சொல்லப்போவதில்லை. நாற்று நடவுக்குப் போகும் பெண் காலை மருத்துவ நேரத்தில் வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பது மருத்துவரின் நூலில் இராது, அவளுக்குத்தான் தெரியும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதும், பாம்பு கடித்தவரை இரவில் எங்கே கொண்டுசெல்வது என்று எந்தப் பலகையிலும் எழுதியில்லை என்பதும், மருத்துவர் வரும் வேளைக்கு முன் கடைசிப் பேருந்து போய்விடுகிறது என்பதும் அப்படிப்பட்டவையே. பேறுகாலத்தில் தாயோ தமக்கையோ உடனிருக்க வேண்டும் என்று பெண்கள் ஏங்கியது எத்தனை காலம்! 2004இல் தமிழக அரசு தன் மருத்துவமனைகளில் பிரசவத் துணை ஒருவரை அனுமதித்தது. அதற்குப் புதிய கருவி ஏதும் தேவைப்படவில்லை. வாசலில் நின்றவளை உள்ளே விட்டார்கள், அவ்வளவே.

மருத்துவர்களின் பக்கமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். காலையில் நூறு பேரைப் பார்த்து, பிற்பகலில் அறிக்கைகள் எழுதி, மாலையில் கூட்டம் ஒன்றும் நடத்து என்றால் அவர் சலிப்பது இயல்பு. குறை சொல்ல மட்டும் கூடும் கூட்டம் எவரையும் விரட்டிவிடும். ஏரி வாரியத்தார் குறை சொல்வதோடு நிற்கவில்லை. தூர் எடுக்கவும் ஏற்பாடு செய்தனர். மேலிடத்திலிருந்து வராத மருந்துக்கு இங்கிருக்கும் மருத்துவரைத் திட்டுவதைவிட, அவரோடு சேர்ந்து மாவட்டத்துக்கு விண்ணப்பம் எழுதுவது சங்கத்தின் வேலை. அத்தகைய விண்ணப்பத்தைத் தம் கைப்பட எழுத முடியாத நிலையில் மருத்துவர் இருப்பார், மக்கள் எழுதலாம்.

கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022 முதல் ஆறு முறை கூடும் என்று தமிழக அரசு அறிவித்தது. நோயாளர் நலச் சங்கத்தின் உறுப்பினர் யார் யார், நிதி எதற்குச் செலவாயிற்று என்று அங்கே எழுந்து கேட்க வயதுவந்த எந்த ஊராருக்கும் உரிமை உண்டு. கால்வேலி நிலம் வேண்டியதில்லை. புதிதாகச் சேர்த்த இரண்டு நாள்களுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தென்னேரிக் கரையினர் அன்று மதகைப் பற்றிக் கட்டாயம் பேசுவார்கள். மாத்திரையைப் பற்றியும் அன்றே பேச எந்த விதியும் தடையாக இல்லை.