பாலத்துக்கு வெந்நீர் ஒத்தடம்

குளிர் நாடுகளில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு பயம் உண்டு. சாலை நன்றாகத்தான் இருக்கும். பாலத்தில் ஏறியதும் டயர் வழுக்கும். சாலைக்கு அடியில் மண் இருக்கிறது, அது கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பாலத்துக்கோ மேலேயும் குளிர்காற்று, கீழேயும் குளிர்காற்று. அதனால் பாலம்தான் முதலில் உறையும். அமெரிக்காவில் இதை எச்சரிக்கப் பாலங்களுக்கு முன்னால் பலகையே வைத்திருக்கிறார்கள்.

வழக்கமான வைத்தியம் உப்பு. தூவினால் பனி உருகும். ஆனால் அந்த உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். உப்பு வாங்கிய செலவு அந்த வருடக் கணக்கிலேயே வந்துவிடும். கம்பி அரிப்பது எந்தக் கணக்கிலும் வராது, பாலத்தை உடைத்துக் கட்டும்போதுதான் மொத்தமாக வரும். தேய்மானம் எழுதாமல் லாபம் காட்டும் கம்பெனி மாதிரிதான் இது!

உப்பு இல்லாமல், பூமியின் சூட்டை வைத்தே பனியை உருக்கிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் கிளாமத் ஃபால்ஸ். அங்கே கிணறு தோண்டினால் வெந்நீர் வரும். 1930-ல் சார்லி லீப் என்பவர் ஒரு வேலை செய்தார். கிணற்றுத் தண்ணீரை வெளியே எடுக்காமல், கிணற்றுக்குள் ஒரு குழாய் வளையத்தை இறக்கினார். அதற்குள் ஓடும் தண்ணீர் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே வந்தது. அவர் வீடு சூடானது. தண்ணீர் கிணற்றிலேயே இருந்தது!

1948-ல் மாநில நெடுஞ்சாலைத் துறை இதே யோசனையை எஸ்பிளனேட் தெருவுக்குக் கொண்டுவந்தது. வாய்க்கால் பாலத்தை ஒட்டிய அந்தச் சாலை சுமார் 8 சதவீதச் சரிவு, அதன் முனையில் சிக்னல். பனிக்காலத்தில் அங்கே நின்ற வண்டி மறுபடி கிளம்புவதே கஷ்டம். சுமார் 137 மீட்டர் நீளத்துக்கு, கான்கிரீட் மேற்பரப்புக்கு 3 அங்குலம் கீழே முக்கால் அங்குல இரும்புக் குழாய்களைப் பதித்தார்கள். அதற்குள் ஓடியது உறையாமல் இருக்க எத்திலீன் கிளைகால் கலந்த தண்ணீர். சூடு கொடுத்தது பக்கத்தில் இருந்த 128 மீட்டர் ஆழக் கிணறு.

கிட்டத்தட்ட 50 வருடம் ஓடியது. சூட்டுக்கு யாரும் பில் அனுப்பவில்லை, பம்ப்புக்கான மின்சாரம்தான் செலவு. ஆனால் 1997 வாக்கில் குழாய்கள் வெளிப்பக்கம் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தன. உப்புப் போட்ட பாலத்துக்கு வரும் அதே நோய், இங்கே வேறு வழியாக வந்தது.

வெந்நீர் ஊற்று இல்லாத ஊர் என்ன செய்யும்? சுவிட்சர்லாந்தில் 1994-ல், இன்டர்லாக்கன் பக்கம் டேர்லிகனில் ஏ8 சாலைப் பாலத்தில் செர்சோ என்ற அமைப்பை வைத்தார்கள். கோடையில் தார்ச்சாலை வாங்கும் வெயிலைக் குழாய் வழியாக எடுத்து, 65 மீட்டர் ஆழமுள்ள 91 துளைகள் வழியாகப் பாறைக்குள் சேமிப்பார்கள். குளிர்காலத்தில் அதைத் திருப்பி எடுப்பார்கள். ஒருவிதத்தில் இது சேமிப்புக் கணக்குதான். வட்டி கிடையாது, கொஞ்சம் சூடு பாறையிலேயே போய்விடும்! எல்லாப் பாலத்துக்கும் இப்படிச் செய்யாததற்குக் காரணம் முதலீடு. துளை போடும் செலவு முதல் நாளே கைக்கு வரும், மிச்சமாகும் கம்பியோ பல வருடம் கழித்து.

கிளாமத் ஃபால்ஸ்காரர்கள் அதற்காக யோசனையைக் கைவிடவில்லை. 1998-ல் பாலத்தையும் சாலையையும் மறுபடி போட்டபோது குழாயை மட்டும் மாற்றினார்கள். இந்த முறை கான்கிரீட் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியது பாலிஎதிலீன் பிளாஸ்டிக் குழாய்.