பரப்புக்கு எத்தனை அந்தர்?

உணவுச் சமநிலைத் தாள் என்று ஒன்று நாடுதோறும் போடுவார்கள். விளைந்தது இவ்வளவு, கப்பலில் வந்தது இவ்வளவு, மனிதர் தின்றது, மாடு தின்றது, பழுதாய்ப் போனது என்று நிரல் நிரலாக நீளும். அதில் ஒடுங்கிப்போய்க் கிடக்கும் ஒரு நிரல், விதை. விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்த காலம் தொட்டு எனக்கு முதலில் கண் போவது அங்கேதான். ஒரு பயிர் கமக்காரனை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதை மற்ற எந்த நிரலும் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது.

சோயா அவரையைப் பாருங்கள். 1970களில் அதை நாடெங்கும் பரப்ப இலங்கை அரசு முயன்றது. திரிபோஷ என்ற சத்துமாவில் சோளத்தோடு சேர்வதும் அதுதான். ஹெக்டேருக்கு அறுபது, எழுபது கிலோ விதை போதும். எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அப்படிப் பார்த்தால் பரப்புக்கு இரண்டு கிலோகூட இல்லை. நிறை குறைவு, ஆனால் ஆயுளும் குறைவு. எண்ணெய்ப் பற்றுள்ள அந்த விதை நம்முடைய வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சில மாதங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும். வீட்டு மூலையில் சாக்கில் கட்டி வைத்து அடுத்த போகத்துக்கு எடுக்கலாம் என்ற நம்பிக்கை அதில் செல்லாது. அனுராதபுரப் பக்கம் அது ஓரளவு நிலைத்தது. எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணில் காலூன்றவில்லை. சோயா மீற் மட்டும் எல்லாக் குசினிக்குள்ளும் வந்து சேர்ந்தது.

எங்கள் தோட்டக்காரரின் கதை புகையிலையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலத்தில் விதை என்பது ஒரு பாரமே அல்ல. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விதைகள். நல்ல கன்று நாலைந்தைப் பூக்க விட்டால் ஊருக்கே காணும். துணியில் முடிந்து பெட்டகத்துக்குள் போட்டுவிடலாம். மலையாளச் சந்தை இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே தளர்ந்து போக, கமக்காரர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் திரும்பினார்கள். துலா மிதித்து இறைத்த கிணறுகளில் மெசின் பூட்டப்பட்டதும், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், குப்பிழான், ஏழாலை எங்கும் வெங்காயப் பாத்திகள் பெருகின. அதோடு விதையின் நிறையும் ஏறியது.

சின்ன வெங்காயத்துக்குக் குமிழே விதை. அந்தர் என்ற எங்கள் நிறை அளவில், பரப்புக்கு அரை அந்தருக்குச் சற்றுக் கூட வேண்டும். நல்ல விளைச்சல் என்றால் ஐந்தாறு அந்தர் வரும். பத்தில் ஒரு பங்கு திரும்பவும் மண்ணுக்குள் போகிறது என்று புத்தகக் கணக்குச் சொல்லும். தோட்டக்காரன் அந்தக் கணக்கை நம்பமாட்டான். வெங்காயம் தொங்குகிற மாதங்களில் சுருங்கும், அழுகும். ஆகையால் ஆறில் ஒன்றையாவது ஒதுக்குவான். கிண்டியவுடனே திரும்ப நடவும் முடியாது. இரண்டு மாதமளவில் அது உறங்கிக் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். தாளோடு பிடி பிடியாகக் கட்டி, காற்றுப் படுகிற மாதிரி வளையில் தொங்கவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிடிகளுக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுப்போம். கறிக்கு ஒரு பிடியை அவிழ்க்கப் போனால், “அது விதைக்கு வைச்சது, தொடாதையடா” என்று ஆச்சியின் குரல் அடுப்படியிலிருந்து வரும். வேதாளன் என்ற இனத்தை ஆச்சி கையில் எடுத்தே சொல்லிவிடுவார். எனக்கு அந்தத் திறமை டிப்ளோமாவோடு வரவில்லை.

கிழங்கின் கணக்கு இன்னும் பாரம். பரப்புக்கு ஓர் அந்தர் விதை. கார்த்திகைக் கடைசியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுவது. அந்தச் சின்னக் குளிர்காலத்துக்குள் விளையும், ஆனால் அதை விதைக்கென்று எங்கள் கோடையில் வைத்திருக்க ஏலாது. வைத்தாலும் நச்சுயிர் ஏறி ஆண்டுக்காண்டு விளைச்சல் இறங்கும். 1960களின் பிற்பகுதியில் உண்ணும் உருளைக்கிழங்கின் இறக்குமதியைத் தடுத்த அரசு, விதைக் கிழங்கை மட்டும் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தது. கறிக்குச் சுதேசிக் கிழங்கு, அதற்குத் தாய் ஒல்லாந்துக் கிழங்கு. தன்னிறைவு பற்றிய மேடைப் பேச்சுகளில் இந்த ஒரு விஷயம் அடிபடவில்லை என்பது எனக்கு இன்றும் சிரிப்பாக இருக்கிறது.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியையும் இறுக்கியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரனுக்கு ஒரு பொற்காலம். கல்வீடுகள் எழும்பின. விசுவமடு, முத்தையன்கட்டு என்று வன்னியில் காணி பெற்ற படித்த வாலிபர்களும் மிளகாய் நட்டார்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு கதவைத் திறந்துவிட, விலை விழுந்தது. விலை விழுந்தால் முதலில் அடிபடுவது விதைதான். கடன்காரன் வாசலில் நிற்கையில் வளையில் தொங்குவது பணமாகத்தான் தெரியும். விதையை விற்றவன் அடுத்த போகத்துக்கு அதையே கூடிய விலைக்கு வாங்கவேண்டும். கொழும்பில் எடுத்த முடிவு இப்படித்தான் எங்கள் கூரைக்குக் கீழே வந்து சேரும்.

பிறகு யுத்தம். 1990இலிருந்து வலிகாமம் வடக்கில், பலாலி, வசாவிளான், குரும்பசிட்டிப் பக்கத்து முதல்தரச் செம்மண் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. யூரியாவுக்குத் தடை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு; மெசின்கள் ஓய்ந்து கிடக்க, சிலர் பழைய துலாவை நிமிர்த்தினார்கள். இராணுவம் நெருங்க, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்த நெரியலில் எங்கள் சைக்கிள் கரியரில் இருந்தது உடுப்பும் ஒரு சாக்கு விதை வெங்காயமும். மாரி நடுகைக்கு ஒன்றிரண்டு மாதமே இருந்த நேரம். எல்லோராலும் அப்படிக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வளைகளில் காய்ந்த தாள் மட்டும் தொங்கிய வீடுகளை நான் எண்ணிக்கொண்டு போகவில்லை. போதும் போதும் என்றிருந்தது. எவரோ வைத்திருந்த விதையை வாங்கி, இரந்து, பங்கு பேசித்தான் தோட்டங்கள் மீண்டன. கிழங்குக்கு அந்த வழியும் கிடையாது. 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மறுபடி மூடியபோது குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில்தான் வந்தது. கப்பல் பிந்தினால் விதைக் கிழங்கு பிந்தும்; குளிர் எவருக்காகவும் காத்திருக்காது.

பாதை திறந்தபின் கற்பிட்டிப் பக்கத்து வியாபாரிகள் எங்கள் விதை வெங்காயத்தைத் தேடி லொறியோடு வரத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் விவசாயத் திணைக்களம் உண்மை விதையை ஊக்குவிக்கிறது. குமிழைக் குளிரில் வைத்துப் பூக்கச் செய்து, பூங்கொத்திலிருந்து எடுக்கும் கறுப்பு விதை அது. பரப்புக்கு இருநூறு கிராமளவில் காணும். குமிழோடு ஒட்டிவரும் நோய்களும் குறையும். புகையிலைக் காலம்போல விதை மறுபடி ஒரு பொட்டலத்துக்குள் அடங்குகிறது. ஆனால் நாற்றுமேடைக்கே ஒரு மாதத்துக்கு மேல் போகும். பிறகு பிடுங்கி நடக் கூலி. குமிழ் நட்டவன் இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டிக் காசு பார்த்துவிடுவான். அதனால் எனக்குத் தெரிந்த பலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்: ஒரு துண்டில் நாற்று நட்டுப் புது விதைக்குமிழ் எடுப்பது, மற்றத் துண்டுகளில் அந்தக் குமிழையே நடுவது. சிபாரிசுத் துண்டுப்பிரசுரம் எழுதிக்கொடுத்த எங்களிடம் அவர்கள் இதைக் கேட்டுச் செய்யவில்லை.