துடைக்கக் கூடாத மூட்டம்

கார்ல் தியோடர் டிரையரின் ‘வாம்பிர்’ (1932) படத்துக்கு இன்று மூல நெகட்டிவ் கிடையாது. படத்தின் நெகட்டிவும் போயிற்று, ஒலியின் நெகட்டிவும் போயிற்று. அவருடைய ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்துக்காவது 1981இல் நார்வேயின் மனநல மருத்துவமனை ஒன்றிலிருந்து பழைய பிரதி கிடைத்தது. ‘வாம்பிர்’ அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்காகத் தயாரான படம் அது. எஞ்சிய பிரதிகளை வைத்துக்கொண்டு, தேறிய பகுதிகளைக் கோத்துத்தான் மார்ட்டின் கோர்பரும் போலோன்யா நகரத் திரைப்படக் காப்பகமும் 1998இல் அதை மீட்டார்கள். பின்னர் டேனிஷ் திரைப்பட நிறுவனம் பத்தாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக உழைத்து, 2020இல் 2கே தரத்தில் புதிய மீட்பை முடித்தது.

ஜார்ஜ் ஃப்ரான்ஜுவின் ‘முகமில்லாத கண்கள்’ (1960) பட்ட பாடு வேறு. விபத்தில் முகம் சிதைந்த மகளுக்காக மற்றப் பெண்களின் முகத்தோலை உரித்துப் பொருத்தப் பார்க்கும் மருத்துவரின் கதை. சொந்த நாட்டில் படம் முழுசாகவே இருந்தது. சிதைத்தவர்கள் வெளிநாட்டு விநியோகஸ்தர்கள். 1962இல் அமெரிக்காவில் அதை வெட்டி, ஆங்கிலக் குரல் கொடுத்து, ‘டாக்டர் ஃபாஸ்டஸின் பயங்கர அறை’ என்று பெயரையும் மாற்றி, ‘மேன்ஸ்டர்’ என்ற மலிவுப் படத்தோடு ஜோடி சேர்த்து ஓட்டினார்கள். வெட்டில்லாத வடிவம் அங்குள்ள அரங்குகளுக்கு வர 2003 ஆயிற்று. அடுத்த ஆண்டே கிரைட்டீரியன் நிறுவனத்தின் டிவிடி, 2013இல் புளூ-ரே.

ஆக, முதல் படத்தில் மீட்பு என்பது துண்டுகளிலிருந்து ஒரு முழுமையை ஊகித்துக் கட்டுவது. இரண்டாவதில் இருந்த முழுமைக்கே திரும்பிப் போவது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறபோது இதைவிடப் பெரிய வேறுபாடொன்று தெரிகிறது. இரண்டுமே பிரான்ஸில் எடுத்தவை, இரண்டுமே அச்சுறுத்துபவை. ஒன்று மங்கலால் அச்சுறுத்துகிறது, மற்றது துல்லியத்தால்.

‘வாம்பிர்’ படத்தின் பெரும்பகுதியை பாரிஸுக்குத் தெற்கே உள்ள கூர்தம்பியேர் என்ற ஊரில், செட் போடாமல் நிஜக் கட்டடங்களில் எடுத்தார்கள். பணம் போட்டவர் நிக்கோலா து குன்ஸ்பூர் என்ற இளம் பிரபு. ஜூலியன் வெஸ்ட் என்ற புனைபெயரில் நாயகனாக நடித்தவரும் அவரே. ஒளிப்பதிவாளர் ருடோல்ஃப் மாட்டே லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டுப் படம்பிடித்தார். அதனால் பகலென்றும் சொல்ல முடியாத, இரவென்றும் சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம் படம் நெடுகப் பரவிக் கிடக்கிறது. கனவுக்குள் நடப்பவனைப் போல நாயகன் அதில் அலைகிறான். இந்தச் சாம்பலை அழுக்கென்று நினைத்து, கருமையைக் கூட்டி வெண்மையைப் பளிச்சென்று ஆக்கினால் டிரையரின் படம் அங்கேயே முடிந்துவிடும். காலத்தால் வந்த மங்கல் எது, கலைஞர் வேண்டுமென்றே போட்ட மங்கல் எது என்று பிரேம் பிரேமாகப் பிரித்தறிய வேண்டும். கீறலும் தூசியும் போகலாம், மூட்டம் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மூல நெகட்டிவ் இல்லாத படத்தில் இது எத்தனை கடினம்!

‘வாம்பிர்’ முடிவுக்கு அருகே, ரத்தக்காட்டேரிக்கு உடந்தையான மருத்துவர் மாவு ஆலையில் அகப்பட்டுச் சாகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து மாவு கொட்டிக்கொண்டே இருக்கிறது. கம்பிகளைப் பற்றியிருக்கும் கைகளும் வெள்ளை, முகமும் வெள்ளை, சுற்றியுள்ள காற்றும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளேயே பல படிகள் இருக்கின்றன. ஒளியை ஒரு படி ஏற்றிவிட்டால் மனிதன் காணாமல் போவான், அவன் மூச்சுத் திணறுவது நமக்குத் தெரியாது.

ஃப்ரான்ஜுவின் படத்தில் மகள் அணியும் முகமூடி வெள்ளை. ஒளிப்பதிவாளர் ஆய்கன் ஷூஃப்டான் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் கண்ணாடித் தந்திரக் காட்சிகளால் பெயர்பெற்றவர். இங்கே அவர் தந்திரத்தை நாடவில்லை. அறுவைக் கூடத்து விளக்கைப் போல எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுகிறார். மருத்துவர் மயங்கிக் கிடக்கும் பெண்ணின் முகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கிறார், அந்தக் கோட்டின் மேலேயே கத்தி போகிறது. பின்னணி இசை கிடையாது. பென்சில் கோடு துல்லியமாகத் தெரிந்தால்தான் கத்தி அதைப் பிசகாமல் பின்பற்றுவது தெரியும். அந்தப் பிசகாமைதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. தேய்ந்த பிரதிகளில் இது வெறும் ரத்தக் காட்சியாகச் சுருங்கிவிடும். நல்ல வட்டில் பார்க்கும்போது ஒரு தொழில்காரரின் நிதானம் தெரிகிறது.

இதே தெளிவு மோகத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பிலிமுக்கு இயல்பான மணிமணியான பரப்பை, அதாவது கிரெய்னை, மென்பொருளால் வழித்து எடுப்பது வட்டுத் தயாரிப்பில் நெடுங்காலமாக உள்ள கெட்ட வழக்கம். அப்படி வழித்தால் முகங்களின் துளையும் சுருக்கமும் சேர்ந்து போய், எல்லோரும் மெழுகு பொம்மை ஆகிவிடுவார்கள். எந்தப் படத்துக்கும் அது குறைதான், இந்தப் படத்துக்கோ மரணம். மகளாக நடிக்கும் எடித் ஸ்கோப் அணிந்திருக்கும் முகமூடி உணர்ச்சியற்று வழவழவென்று இருக்கிறது. அதன் இரண்டு துளைகளுக்குள் உயிருள்ள கண்கள். எதிரே, மருத்துவரின் உதவியாளராக வரும் அலிடா வாலியின் நிஜத் தோல். அந்தத் தோலையும் மெழுகாக்கிவிட்டால் முகமூடிக்கும் முகத்துக்கும் வேறுபாடு எங்கே? கதையின் உயிரே அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இத்தனை துல்லியமான இந்தப் படத்திலும் மங்கலுக்கென்று ஓர் இடம் உண்டு. மேசையில் கட்டப்பட்டுக் கிடக்கும் பெண் கண்விழிக்கும்போது, முகமூடி இல்லாத மகள் கிறிஸ்தியான் அவள் மீது குனிகிறாள். ஃப்ரான்ஜு அந்த முகத்தை ஃபோகஸ் இல்லாமல்தான் காட்டுகிறார். 90 நிமிடப் படத்தில் ஏறக்குறைய 1,30,000 பிரேம்கள். அவற்றில் இந்தச் சில நொடிகளைக் கூர்மையாக்க எந்த மென்பொருளுக்கும் உரிமை கொடுக்கக் கூடாது.

வெட்டுப்பட்ட காட்சிகளில் எனக்கு டிரையரின் பக்கம்தான் சிக்கலாகப் படுகிறது. ஆலைச் சாவையும், ரத்தக்காட்டேரியின் உடலில் இரும்புக் கம்பி அடிப்பதையும் ஜெர்மன் தணிக்கை குறைக்கச் சொன்னது. பிரிட்டனில் வந்த வட்டில் அந்த நீக்கிய பகுதிகளைப் படத்துக்குள் திணிக்காமல் தனி இணைப்பாக வைத்தார்கள். அது சரியான முடிவு என்பேன். பெர்லினில் வெளிவந்த வடிவமும் கெடவில்லை, தணிக்கை பறித்ததும் கண்ணில் படுகிறது. அரங்கில் இப்படி இரண்டையும் கொடுக்க வழியில்லை. வட்டுக்கு அந்த வசதி உண்டு. ஃப்ரான்ஜுவின் வட்டிலும் இதே வசதியால் பாரிஸ் இறைச்சிக்கூடங்களைப் பற்றி அவர் 1949இல் எடுத்த ‘விலங்குகளின் இரத்தம்’ குறும்படத்தைச் சேர்த்தது கிரைட்டீரியன். அறுவைக் காட்சியின் நிதானத்தை அவர் எங்கே பழகினார் என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.

மீட்டவர்கள் விட்டுவைத்த கிரெய்னையும் மூட்டத்தையும் நம் தொலைக்காட்சியே அழித்துவிடக் கூடும். பெரும்பாலான பெட்டிகளில் இரைச்சல் குறைப்பு, அசைவு மென்மையாக்கம், கூர்மைக் கூட்டல் மூன்றும் கடையிலிருந்து வரும்போதே போட்டபடி இருக்கின்றன. இந்த இரு படங்களில் எதைப் பார்க்க உட்கார்ந்தாலும் முதலில் அமைப்புகளுக்குள் போய் அந்த மூன்றையும் அணைத்துவிடுங்கள். ‘வாம்பிர்’ பார்ப்பவர்கள் அறை விளக்கையும் அணைப்பது நல்லது. படம் ஏறக்குறைய சதுரமாகத்தான் தெரியும். இருபுறமும் வரும் கறுப்புப் பட்டைகளை நிரப்புகிறேன் என்று இழுத்துப் பெரிதாக்காதீர்கள்.