காதுக்கு எட்டாத காற்புள்ளி: பெங்களூர் திட்டம் விட்டுச்சென்ற கேள்வி

1930களில் வெளிவந்த ரென்–மார்ட்டின் ஆங்கில இலக்கண நூல் இன்றும் உயர்நிலைப் பள்ளிகளில் புழங்குகிறது. விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி என்பதே அதன் வரிசை. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் பரவிய அமைப்பு முறையோ விதிகளுக்கு மாறாக, தரப்படுத்திய வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகப் பழக்கியது. வழிகள் வேறாயினும் நம்பிக்கை ஒன்றுதான்: வடிவத்தை முதலில் கற்பித்தால் பயன்பாடு பின்னால் வரும்.

இந்நம்பிக்கையை 1979இல் கேள்விக்கு உட்படுத்தியவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், பெங்களூரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையுடன் 1984 வரை நடத்திய வகுப்பறை ஆய்வே 'பெங்களூர் திட்டம்' எனப்படுகிறது. இலக்கணப் பாடத்திட்டம் அதில் இல்லை. ரயில் கால அட்டவணையைப் படித்து விடை காணுதல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற செயல்களே பாடம். மாணவரின் கவனம் பொருளில் நிலைத்திருக்கையில் இலக்கணம் அவரறியாமலே உள்ளத்தில் உருவாகும் என்பது பிரபுவின் கருதுகோள்.

பிழைதிருத்தமும் இதற்கேற்ப மாறியது. மாணவர் பொருந்தாத சொல்லை ஆண்டால், ஆசிரியர் பாடத்தை நிறுத்தி விதியை விளக்குவதில்லை; தம் மறுமொழியில் பொருத்தமான சொல்லை வைத்துவிட்டு மேலே செல்வார்.

1984இல் பெரெட்டாவும் டேவிஸும் நான்கு பள்ளிகளில் செய்த மதிப்பீடு திட்டத்திற்குத் தற்காலிக ஆதரவையே அளித்தது. அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முன்னிலை பெற்றன. சூழல்சார் இலக்கணம், சொல்வதெழுதுதல் ஆகியவற்றில் திட்ட வகுப்புகள் சிறந்தன. எதைத் தேர்வு அளக்கிறதோ அதற்கேற்பவே வெற்றியாளர் மாறினார்.

ஆயினும் இத்திட்டத்தின் எல்லையைக் காட்டும் சிறு குறி ஒன்று உண்டு: காற்புள்ளி. தகுந்த சொல்லை ஆசிரியரின் பேச்சிலிருந்து செவிவழி பெறலாம். காற்புள்ளியோ தாளில் மட்டுமே வாழ்வது. அதைக் குறுகிய நிறுத்தம் என விளக்கும் மரபும் போதாது. மூச்சு நிற்கும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் காற்புள்ளிக்குரிய இடமன்று.

'மழை பெய்து, ஏரி நிரம்பி, கரை உடைந்தது' என்னும் தமிழ்த் தொடரில் முற்றுவினை ஒன்றே, ஏனையவை வினையெச்சங்கள். கன்னடத்திலும் இவ்வமைப்பு இயல்பானது. இதே ஓட்டத்தில் 'தி ரெயின் கேம், தி லேக் ஓவர்ஃப்ளோட்' என மாணவர் எழுதும்போது, இரண்டு முற்றுவினைத் தொடர்களைக் காற்புள்ளி மட்டுமே இணைக்கிறது. முறைசார் ஆங்கில எழுத்தில் அது பிழை. அங்கே 'அண்ட்' போன்ற இணைப்புச் சொல்லோ முற்றுப்புள்ளியோ வேண்டும். இப்பிழையின் வேர் கவனக்குறைவன்று, தாய்மொழியின் தொடரமைப்பு. அதைச் செவி திருத்தாது. இரு மொழிகளின் தொடர்களையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியரே திருத்த முடியும்.

பிரபுவின் கருதுகோளை இது வீழ்த்திவிடவில்லை. பேச்சில் தானே முளைக்கும் இலக்கணம் எது, எழுத்தில் சுட்டிக்காட்டப்பட வேண்டிய இலக்கணம் எது என்று பிரித்தறியும் பொறுப்பையே அது நம்மிடம் விட்டுச்செல்கிறது. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் திருத்தும் வினாத்தாள்கள் இப்பிரிவை இன்னும் அறிந்தபாடில்லை.