எய்தவன் பெயர் இல்லாத கற்கள்

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்தை நோக்கிச் செல்லும் பிரதேசத்துச் சிற்றூர்களில், ஏரிக்கரையிலும் புன்செய் ஓரத்திலும் வில்லேந்திய வீரர்களின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்ட பலகைக் கற்கள் நிற்கின்றன. அண்ணாமலையாரைத் தரிசித்துக் கிரிவலம் முடித்துத் திரும்பும் யாத்திரிகர்களுள் இவற்றைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும், தூரத்தே மறைந்து நின்று குறிபார்த்து எய்யும் வித்தையின் சரித்திரத்தைத் தமிழ்நாட்டில் ஆராயப் புகுவோன் முதலில் வந்து நிற்கவேண்டிய இடம் இதுவே என்பது என் திடமான எண்ணம்.

கற்களுக்கும் முற்பட்ட சாட்சி ஒன்று இலக்கியத்தில் இருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இன்றைய செங்கமாகிய செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் நூல், பெருங்கௌசிகனார் பாடியது. அந்த வழியில் உள்ள அபாயங்களைப் புலவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்குமிடத்தில், தினைப்புனம் காக்கும் குறவர் உயர்ந்த பரண்மேல் ஏறி நின்று, யானைகளைத் துரத்துவதற்காகக் கவணிலிருந்து கற்களை வீசுவார்கள் என்றும், அக்கற்கள் உயிர் கொள்ளும் கூற்றுவனைப் போல வேகம் தணியாமல் வரும் என்றும், ஆகையால் மரங்களின் மறைவிலேயே நடந்து செல்லுங்கள் என்றும் எச்சரிக்கிறார். உயரத்தில் நிற்பவனுக்குக் கிடைக்கும் அனுகூலமும், கீழே நடப்பவனுக்கு மரமே கேடயமாகும் உபாயமும், கண்ணால் காணாத கையிலிருந்து புறப்பட்டு வரும் கல்லின் பயங்கரமும் இந்தச் சில அடிகளில் அடங்கியிருப்பதைக் காணும்போது, புலவர் இம்மலைப்பாதையைத் தாமே நடந்து அறிந்தவர் என்றே நம்பத் தோன்றுகிறது. அதே பாட்டில், வழியோரம் நிற்கும் நடுகற்களைக் கண்டால் யாழிசைத்து வணங்கிச் செல்லுமாறும் கூத்தருக்குச் சொல்லப்படுகிறது.

இன்று நாம் காணும் கற்களிற் பல, அப்பாட்டுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. பல்லவர் காலத்தில், சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலியோர் ஆட்சியாண்டுகளைக் குறித்து வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. ஆநிரையே செல்வமாக இருந்த அக்காலத்தில், ஓர் ஊரின் மாட்டு மந்தையை மற்றோர் ஊரார் கவர்ந்து செல்வதும், பறிகொடுத்தவர் தொடர்ந்து சென்று மீட்பதும் இடைவிடாது நடந்தன. கல்வெட்டுக்கள் மந்தையைத் தொறு என்கின்றன. தொறுக்கொண்டபோதும் தொறு மீட்டபோதும் பட்டவனுக்குக் கல் நட்டார்கள். இத்தகைய பூசலில் வாளைவிட வில்லே பெரிதும் பயன்பட்டிருக்க வேண்டும். மந்தையை ஓட்டிச் செல்பவன் வேகமாக ஓட முடியாது. மாடு நடக்கும் வேகமே அவன் வேகம். அவனைத் தொடர்ந்து செல்பவனோ, எதிரி எந்தப் புதரில் பதுங்கி எய்வான் என்று அறியாமலேயே முன்னேறியாக வேண்டும். கற்களில் வீரன் பெரும்பாலும் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளோ அம்போ ஏந்தி நிற்கிறான்; அநேக உருவங்களில் மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்கின்றன.

இக்கற்களைத் தேடித் தொகுத்த பெருமை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையைச் சாரும். அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த செங்கம் வட்டத்தில் கிடைத்தவை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளிவந்தன. அவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், தன் எருமைகளின் பொருட்டுப் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனைக் குறிப்பதோடு நில்லாமல், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும், கோவிவன் என்ற அதன் பெயரையும் சேர்த்தே சொல்கிறது. நாயின் உருவமும் தலைவனின் பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது.

நாயின் பெயரைக்கூட மறவாமல் பொறித்த மக்கள், அம்பை எய்தவன் யார் என்று சொல்லாமல் விட்டார்கள். இதைத்தான் நான் விசேஷமாகக் கருதுகிறேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி கேட்கிறது. இக்கற்களிலோ எய்தவனை நோகவும் இல்லை, போற்றவும் இல்லை. பெரும்பாலான கற்களில் அவன் உருவத்துக்கே இடமில்லை. அம்பு மட்டும் கல்லின் விளிம்புக்கு வெளியேயிருந்து வந்து வீரனின் உடலில் தைத்து நிற்கிறது. கல்லில் நிற்கும் வீரனும் வில்லாளிதான். அவனுடைய அம்பும் பலரை வீழ்த்தியிருக்கக்கூடும். ஆனால் அதற்காக அவனுக்குக் கல் கிடைக்கவில்லை. பட்டதற்காகவே கிடைத்தது.

பாலைவழியில் ஆறலைப்போரின் அம்புக்கு இரையான வழிப்போக்கருக்கோ, சங்கப் பாடல்கள் காட்டுகிறபடி, தழையும் கல்லும் குவித்த பதுக்கையே மிஞ்சியது. பெயர் எழுதுவார் இல்லை.

பின்னாளில் துப்பாக்கியும் பீரங்கியும் வந்து, எய்பவனுக்கும் படுபவனுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பெருக்கின. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமாகவும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறமாகவும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் போரிட்ட யுத்தம் அந்த மாறுதலை இந்த மண்ணுக்கே கொண்டுவந்தது.

மறைந்து நின்று எய்வதையே ஆட்டமாக்கி, இக்காலத்து இளைஞர் வர்ணக் குண்டுகளைக் கொண்டு ஆடும் பெயின்ட்பால் என்னும் விளையாட்டை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் 1981 ஜூன் 27இல் பன்னிருவர் அதை முதன்முதலாக ஆடினர். அவர்கள் ஏந்திய துப்பாக்கி, வனத்தில் மரங்களுக்கும் பண்ணையில் மாடுகளுக்கும் அடையாளப் புள்ளி வைப்பதற்காகச் செய்யப்பட்டது. மாட்டின் பொருட்டு வில்லெடுத்தவர்களின் கற்களைப் பார்த்தவனுக்கு இச்செய்தி ஆச்சரியம் தரும். அந்த ஆட்டத்தில் வென்றவர் வனத்தொழிலில் பழகியவர். ஒரு குண்டுகூடச் சுடாமல், மறைந்து நடந்தே வென்றார். வர்ணக் குண்டு உருண்டையானது. வேகமும் நொடிக்கு ஏறத்தாழ 300 அடிக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆகவே நெடுந்தூரம் நேராகச் செல்லாது. தொலைவிலிருந்து குறிபார்ப்பவனாக அதில் ஆட விரும்புபவன் நம்ப வேண்டியது துப்பாக்கியை அன்று. மரமறைவையும் பொறுமையையும், பிறர் கண்ணில் படாமல் நெருங்கும் சாமர்த்தியத்தையுமே. பெருங்கௌசிகனார் கூத்தருக்குச் சொன்ன யோசனை அவனுக்கும் பொருந்தும்.

கற்களில் கண்ட, பட்டவனை மறவாத அவ்வழக்கம் திருவண்ணாமலையில் கோயிலளவுக்கும் உயர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் இவ்வூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டு, மதுரை சுல்தான்களோடு பொருது மாண்ட ஹொய்சள மன்னன் வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையில்லை என்ற ஐதிகத்தால், அண்ணாமலையாரே மகனாக இருந்து மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் உற்சவம் இன்றும் நடைபெறுகிறது.

செங்கத்து ஊர்களிலோ நடுகல் வேடியப்பன் என்னும் தெய்வமாகிவிட்டது. மஞ்சளும் எண்ணெயும் சாத்திப் பொங்கலிடுகிறார்கள். பூசல் எது, அரசன் யார் என்பதை அவர்கள் கேட்பதில்லை. கற்களைப் பெயர்த்துக் காட்சிச்சாலையில் வைத்துவிட்டால் பத்திரமாக இருக்கும் என்போர் உண்டு. உடைந்தும் சாய்ந்தும் அழியும் நிலையில் உள்ளவற்றுக்கு அது தகும். பூசை நடக்கும் கல்லை அதன் இடத்திலேயே விட்டு, எழுத்தின்மேல் எண்ணெய் படியாமலும் சாலை வேலையில் புதைந்துபோகாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊராரிடமே ஒப்படைப்பதுதான் முறை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காத்து வந்தவர்கள் அவர்களே.