புற்றுக்காளான் பெயர் பெற்ற வரலாறு

மழைக்குப்பின் கறையான் புற்றருகே முளைக்கும் காளானைத் தமிழர் புற்றுக்காளான் என்பர். மலாய் மக்கள் செண்டாவான் பூசுட் என்பர். பூசுட் என்பது புற்றுமேடு. இருமொழியாரும் நிறத்தை விடுத்து இடத்தைக் கொண்டே பெயரிட்டமை நோக்கத்தக்கது. சிறுபாணாற்றுப்படையில் வரும் காளானோ வறியவன் அடுக்களையில் பூப்பது. அதன் உள்துளையையும் புலவர் கண்டு சொல்லியிருக்கிறார். உறுப்பை உற்றுநோக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

பேராதனைப் பூங்காவிலிருந்து துவைட்ஸ் அனுப்பிய இலங்கைக் காளான்களை ஆராய்ந்த பெர்க்கிலி, புரூம் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், 1871இல் மிகச் சிறிய காளான் ஒன்றுக்கு மைக்ரோகார்ப்பஸ் எனப் பெயரிட்டு, அகாரிக்கஸ் என்னும் பெருங்கூட்டத்தில் சேர்த்தனர். குடையின் அடியில் மடல் இருந்தால் போதும், அந்நாளில் பெரும்பாலும் அக்கூட்டத்தில்தான் இடம். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹேம் கறையானோடு கூடி வாழ்வனவற்றைத் தனியே பிரித்து டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினம் வகுத்தார். இக்காளான்கள் பலவற்றுக்கு நீண்ட வேர் போன்ற தண்டு உண்டு. அது மண்ணுக்கடியில் கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டிலிருந்து எழுவது. அச்சிறு காளானுக்கோ அஃதில்லை. கறையான்கள் வெளியே கொணர்ந்து பரப்பும் கூட்டுத் துணுக்குகளில் அது கூட்டங்கூட்டமாய் முளைக்கும். 1945இல் சிங்கர் என்பார் அதனைப் போடப்ரெல்லா என வேறு பேரினமாக்கினார். தோற்றத்தை மட்டும் நோக்கின் அவர் செய்தது தகும் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் 2003இல் வெளிவந்த மரபணு ஒப்பீடு, அது டெர்மிட்டோமைசிஸ் பேரினத்துக்குள்ளேயே அடங்குவதைக் காட்டிற்று. கண் பிரித்ததை மரபணு சேர்த்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன் 1979இல் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றை விளக்கி, ஹேமைச் சிறப்பித்து ஹேமியை என்று பெயரிட்டார். தண்டில் நிலைத்த வளையமும் குடையுச்சியில் கூர்முனையும் அதற்குண்டு. பிரிக்பீல்ட்சுக்கு அண்மையிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் காளான் ஆராய்ச்சி நடுவத்தார் ஆராய்ந்த மலேசியக் காளான்களுள் இதுவும் ஒன்று. கடல் கடந்தும் பெயர் மாறாதது நமக்கு மகிழ்ச்சியே!

காளான்களுக்கு அடையாளக்குறியாக ஐ.டி.எஸ். என்னும் மரபணுப் பகுதியை 2012இல் அறிஞர் முன்மொழிந்தனர். அப்பகுதியைப் படியெடுத்து, எழுத்தெழுத்தாய்ப் படித்து, சேமிப்பிலுள்ள வரிசைகளோடு ஒப்பிடுவர். சேமித்தவர் முதற்கண் தவறான பெயரிட்டிருப்பின் ஒப்பீடும் தவறும். ஆதலின் உறுப்புகளைக் கண்டறியும் பயிற்சி இன்றும் வேண்டப்படுகிறது.

அடுக்களையில் மரபணுச் சோதனை இயலாது. மலேசியப் புல்வெளிகளில் முளைக்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் பெரிய வெண்குடையும் வளையமும் உடையது. உண்டார்க்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருவது. இளமையில் அதன் மடல்களும் வெண்மையே. முதிர்ந்த குடையை வெள்ளைத் தாளில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் பச்சை நிறத் தூள் படியும். புற்றுக்காளானின் தூளோ இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்புத் தூள் தரும் நச்சுக்காளான்களும் உள. எனவே அடிமண்ணைத் தோண்டி வேர்த்தண்டையும் காணுதல் வேண்டும். பேராதனைச் சிறுகாளானுக்கு அச்சோதனையும் உதவாது.